சென்னையில் 90,000, கோவையில் 60,000: எங்கள் வீட்டுக் கணக்கு

வேளச்சேரியில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு, 2023 ஜூனில் கோவை வடவள்ளிக்குக் குடிவந்தோம். நானும் மனைவியும் பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும். கடன் வாங்காமல் மாதத்தை ஓட்டிக் கொஞ்சம் சேமிக்கவும் எவ்வளவு சம்பளம் வேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிடித்தம் போகக் கைக்கு வருவது சென்னையில் 90,000 ரூபாய், கோவையில் 60,000.

மளிகை, பால், காஸ் எல்லாம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே விலைதான். கட்டணம் பள்ளிக்குப் பள்ளி மாறும், அதில் ஊரைக் குறை சொல்ல முடியாது. வித்தியாசம் வீட்டில் இருக்கிறது.

வேளச்சேரியில் வாடகை 22,000. அது தொடக்கம்தான். பராமரிப்புக்கு 3,000. மின்சாரத்துக்கு வீட்டுக்காரர் வைத்த விலை யூனிட்டுக்கு 9 ரூபாய். மாதம் 220 யூனிட் என்றால் 2,000. அரசு தரும் 100 யூனிட் இலவசம் எங்கள் கைக்கு வந்ததே இல்லை. கேன் தண்ணீருக்கும் லாரித் தண்ணீரில் எங்கள் பங்குக்கும் 1,500. ஏரிகள் வறண்ட 2019 கோடையில் அது 4,000 ஆனது. ரயில் சீசன் டிக்கெட், பெட்ரோல் சேர்த்து 2,000. மொத்தம் 30,500. இதுபோக, 2 லட்சம் அட்வான்ஸ் வட்டியில்லாமல் முடங்கிக் கிடந்தது. காலி செய்தபோது பெயின்ட் அடிக்க என்று அதிலும் ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டார்கள்.

வடவள்ளியில் வாடகை 14,000. மீட்டர் எங்களுக்கெனத் தனி, கட்டணத்தை நாங்களே மின்வாரியத்துக்குக் கட்டுகிறோம். அதே 220 யூனிட்டுக்கு மாதம் சுமார் 700தான் ஆகிறது. குழாயில் சிறுவாணித் தண்ணீர். அது வரும் நாளில் பிடித்துவைக்க வேண்டும், ஆனால் கேன் வாங்குவதில்லை. சென்னையைப் போல உள்ளூர் ரயில் இல்லாததால் இரண்டு வண்டிகளுக்கும் பெட்ரோல், சர்வீஸ் என்று 5,000 போகிறது. அப்படியும் மொத்தம் 19,700. வீட்டுக்கும் பயணத்துக்கும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. மேலே சொன்ன இரண்டு தொகைகளும் ஏறக்குறைய அந்தக் கணக்கில் வந்தவை.

பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டு வாடகைப்படி விலக்குக்கு உச்சவரம்பு சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், கோவையில் 40. புதிய முறையில் அந்த விலக்கே கிடையாது.

சென்னையில் சொந்த வீடு இருப்பவருக்கும், அறையைப் பகிர்ந்து தங்கும் தனியாளுக்கும் என் கணக்கு பொருந்தாது. வேலை போனால் அடுத்த வேலை சென்னையில்தான் சீக்கிரம் கிடைக்கும் என்று தோன்றுகிறது. அந்தச் சோதனை எனக்கு இன்னும் வரவில்லை, ஆனாலும் ஆறு மாதச் செலவைத் தனியே வைத்திருக்கிறேன்.

சென்னையில் 75,000, கோவையில் 60,000 என்று இரண்டு வேலைகள் கையில் இருந்தால் தயங்காமல் கோவைக்கு வாருங்கள். வீடு பார்க்கப் போகும்போது வாடகையை அப்புறம் கேளுங்கள். மீட்டர் தனியா, குடிக்கிற தண்ணீர் குழாயில் வருகிறதா என்பதை முதலில் கேளுங்கள்.