60/40 சால்டரா, லெட்-ஃப்ரீ சால்டரா? ஸ்டெயின்ட் கிளாஸ் பண்றவங்களுக்கு

காப்பர் ஃபாயில் முறைல (கண்ணாடித் துண்டு ஓரத்துல செம்பு டேப் சுத்தி, சால்டர்ங்கற உலோகக் கலவைய உருக்கி இணைக்கறது) பண்றவங்களுக்கு எந்த சால்டர் வாங்கறதுன்னு எப்பவும் ஒரு குழப்பம். 60/40ல 60 பங்கு டின் (வெள்ளீயம்), மீதி 40 காரீயம். சுமார் 190 டிகிரிலயே நல்லா உருகிடும், ஜாயின்ட் மேல மொழுமொழுன்னு ஓடி அழகா உருண்டு நிக்கும், புதுசா கத்துக்கறவங்க கைக்கு இதான் சுலபம். லெட்-ஃப்ரீல, அதாவது காரீயம் இல்லாத சால்டர்ல, டின் ஜாஸ்திங்கறதால விலை கடுப்பாக்கும், 220 டிகிரிக்கு மேல சூடு வேணும், பேட்டினாவும் (சால்டரோட நிறத்தை மாத்தற திரவம்) சிலதுல சரியா பிடிக்காது.

புகைல காரீயம் வருமேன்னு நிறைய பேர் பயப்படுறாங்க, ஆனா சால்டரை உருக்கற அயர்ன் 370 டிகிரில இருக்கும்போது காரீயம் ஆவியாகறது ரொம்ப ரொம்ப கம்மி, நீங்க பாக்கற வெள்ளைப் புகை, சால்டர் நல்லா ஒட்டறதுக்காக தடவற ஃப்ளக்ஸோடது (அதுவும் நுரையீரலுக்கு ஆகாது, ரெண்டு சால்டருக்கும் ஃபேன் வேணும்). நிஜ ஆபத்து கைதான். சால்டர் கம்பியைப் பிடிச்ச விரல்ல ஒரு சாம்பல் கறை ஒட்டும் பாருங்க, அதே விரலால முறுக்கு எடுத்து வாய்ல போட்டா முடிஞ்சுது. அதனால 60/40னா டேபிள் பக்கம் டீ, தீனி எதுவும் கூடாது, முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவணும், தூசிய விளக்கமாத்தால பெருக்காம ஈரத்துணியால துடைக்கணும், வேலை டிரஸ்ஸ தனியா துவைக்கணும்.

ஜன்னல் பேனல், விளக்குன்னா என் ஓட்டு 60/40க்குதான். நகை, உணவு படற சாமான், இல்ல சின்னக் குழந்தை தவழ்ற வீட்லயே வேலைன்னா யோசிக்கவே வேணாம், காசு போனா போகுதுன்னு லெட்-ஃப்ரீ வாங்குங்க.