மூணு ப்ராசஸர் மாத்தின பொறவு கம்பைல் டைம் பத்தி சொல்லுகது

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கத்துல இருந்துதான் வேலை பாக்கேன். 2020 லாக்டவுன்ல பெங்களூர்ல இருந்து வீட்டுக்கு வந்தது, பொறவு திரும்பிப் போகல. வேலை முழுக்க சி பிளஸ் பிளஸ், ரெண்டாயிரம் ஃபைலுக்கு மேல உள்ள ப்ராஜெக்ட், லினக்ஸ்ல ஜிசிசிங்க கம்பைலர் வச்சு பில்ட் பண்ணுகது, அதாவது எழுதின கோடை எல்லாம் மெஷின் ஓட்டுத புரோகிராமா மாத்துகது. இந்த வருஷங்கள்ல மூணு ப்ராசஸர் பாத்தாச்சு, ஒவ்வொண்ணுலயும் டைம் எடுத்து ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். வாங்கப் போறவங்களுக்கு உதவட்டும்னுதான் எழுதுகேன்.

மொதல்ல இருந்தது லேப்டாப், ஐ5 7200யூ. ரெண்டே கோர் (வேலை செய்யுத கை மாதிரி), நாலு த்ரெட் (ஒரே நேரத்துல எடுக்குத வேலை), 15 வாட் சிப். முழு பில்ட் போட்டா ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். அதுவும் காலைல குளிர்ச்சியா இருக்கும்போ எடுத்த டைம், ஏப்ரல் மே உச்சி வெயில்ல சிப் சூடாகி ஸ்பீடை அதுவே கொறச்சுக்கிடும், அப்போ இன்னும் இருபது நிமிஷம் கூடும். நெறைய ஃபைல் சேந்து பயன்படுத்துத ஒரு முக்கியமான ஹெடர் ஃபைல்ல கை வச்சா அன்னைக்கு அரை நாள் போச்சு. அதனாலயே மாத்த வேண்டிய இடத்தையும் மாத்தாம விட்டிருக்கேன், கோடுக்கு அது நல்லது இல்லன்னு தெரிஞ்சும். இதுதான் எனக்கு இன்னைக்கும் மனசுல கிடக்க விஷயம், காத்திருப்பு கூடினா வேலை லேட் ஆகுது மட்டுமில்ல, வேலையோட தரமே இறங்கிடுது.

2020 கடைசியில ரைசன் 5 3600 வாங்கி பி450 போர்டுல டெஸ்க்டாப் கட்டினேன். ஆறு கோர், பன்னெண்டு த்ரெட், 16 ஜிபி ரேம். அதே பில்ட் 14 நிமிஷம்! அன்னைக்கு சந்தோஷத்துல மூணு தடவ க்ளீன் பண்ணி திரும்பத் திரும்ப ஓட விட்டேன். இதுக்குக் காரணம் லேசானதுதான், சி பிளஸ் பிளஸ்ல ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியா கம்பைல் ஆகும், ஒண்ணு இன்னொண்ணுக்காக காத்துக்கிட்டு நிக்காது, அதனால த்ரெட் எவ்வளவு இருக்கோ அவ்வளவு ஃபைல் ஒரே நேரத்துல ஓடும்.

2022 கடைசியில அதே போர்டுலயே ரைசன் 9 5900எக்ஸ் போட்டேன், பன்னெண்டு கோர், இருபத்திநாலு த்ரெட். ப்ராசஸர் சொருகுத ஏஎம்4 சாக்கெட்டுல இந்த வசதி உண்டு, ஆனா பழைய ப்ராசஸர் போர்டுல இருக்கும்போதே பயாஸ் (போர்டோட சொந்த சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணிருங்க, கழட்டின பொறவு நெனச்சா கஷ்டம். இன்னொண்ணு, 3600 கூட ஃபேன் பெட்டிலயே வரும், 5900எக்ஸுக்கு வராது, கூலர் தனியா வாங்கணும், அந்தக் காசையும் சேத்து கணக்கு போடுங்க.

போட்ட அன்னைக்கே பில்ட் பாதியில செத்துது. "கில்டு சிக்னல், சிசி1பிளஸ்"னு ஒரு எரர். திரும்ப ஓட விட்டா வேற ஃபைல்ல சாவுது. ப்ராசஸர் பழுதுன்னே நெனச்சு திருப்பிக் கொடுக்க பில்லை எல்லாம் எடுத்து வச்சாச்சு, ராத்திரி தூக்கம் வரல. மறுநாள் கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) லாக் பாத்தாதான் தெரியுது, மெமரி தீந்து போய் கெர்னலே கம்பைலரைக் கொன்னிருக்கு. டெம்ப்ளேட் நெறைய உள்ள சி பிளஸ் பிளஸ் ஃபைல் ஒண்ணுக்கு ஒரு ஜிபிக்கு மேல சாதாரணமா கேக்கும், இருபத்திநாலு ஒண்ணா ஓடினா 16 ஜிபி எங்க காணும்? ரேம் மாத்துகது வரைக்கும் ஜே12 போட்டு, அதாவது ஒரே நேரத்துல பன்னெண்டு ஃபைல் மட்டும்னு வச்சு ஓட்டினேன். 32 ஜிபி ஆக்கின பொறவும் ஜே20க்கு மேல போறதில்ல. கோர் கூட வாங்கினா ரேமும் கூட வாங்கணும்னு யாரும் அன்னைக்கு சொல்லித் தரல, அதனால இதை ரெண்டு தடவ சொன்னாலும் பரவாயில்ல.

முழு பில்ட் இப்போ 6 நிமிஷம் சொச்சம். ஆனா கேளுங்க, ஒரு நாளைக்கு முழு பில்ட் எத்தனை தடவ போடுகோம்? எனக்கு ரெண்டு தடவ போனா கூடுதல். மத்தபடி நாப்பது அம்பது தடவ ஒரு ஃபைலை மாத்தி, கம்பைல் பண்ணி, லிங்க் பண்ணி (கம்பைல் ஆன துண்டை எல்லாம் ஒரே புரோகிராமா சேக்குகது), ஓட்டிப் பாக்கதுதான். அதுக்கு 3600ல 50 செகண்ட், 5900எக்ஸ்ல 42 செகண்ட். கோர் ரெண்டு மடங்கு, மிச்சம் எட்டே செகண்ட்.

எனக்க அக்கா மவ இன்ஜினியரிங் கடைசி வருஷம், அவதான் கேட்டா. "மாமா, கோர் கூடினா எல்லாம் கூடத்தானே செய்யணும்?" நான் சொன்னேன், "மக்ளே, நம்ம வீட்டுல உங்க சித்தி கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி காய் வெட்டுனது ஞாபகம் இருக்கா? அவியலுக்கு காய் வெட்ட ஆறு பேரு இருந்தா ரெண்டு மணி நேரம், பன்னெண்டு பேரு இருந்தா ஒரு மணி நேரம். ஆனா அடப்பிரதமன் பாயசம் உருளியில கிண்டுகது ஒரே ஆளு, அங்க எத்தனை பேரு சுத்தி நின்னாலும் அது ஆகுத நேரம் ஆகத்தான் செய்யும்." லிங்கிங் அந்தப் பிரதமன் மாதிரிதான். ஜிசிசி கூட வழக்கமா வர பழைய லிங்கர் ஒரே த்ரெட்லதான் பெரும்பாலும் வேலை செய்யும். கம்ப்யூட்டர் வடிவமைச்ச ஜீன் ஆம்டால் 1967லயே சொன்னது இதுதான், பிரிக்க முடியாத பங்கு எவ்வளவோ அதுக்குக் கீழ நேரம் போகாது.

அந்தப் பிரதமனைக் கொறச்சது ப்ராசஸர் இல்ல, லிங்கரை மாத்தினதுதான். எல்எல்டிங்க லிங்கர் போட்டேன், 42 செகண்ட் 9 செகண்ட் ஆச்சு. எல்எல்டியை எழுதின ரூயி உயேயாமாதான் பொறவு மோல்டுங்க லிங்கரையும் எழுதினாரு, அது இன்னும் வேகம், இப்போ அதுதான் ஓடுது. இதுக எல்லா கோரையும் பயன்படுத்தும், அதனால அந்தக் கூடுதல் கோர் இங்கதான் நெசமா பலன் தருது. கூடவே சிகேஷ் போட்டாச்சு, கிட்ல (கோடு மாத்தினதை எல்லாம் சேத்து வைக்குத டூல்) பிராஞ்ச் மாறி திரும்பி வந்தா முன்ன கம்பைல் பண்ணதை அப்படியே எடுத்துக்கிடும், முழு பில்ட் ஒரு நிமிஷம்கூட ஆகாது. இது ரெண்டுக்கும் பத்து பைசா செலவு இல்ல. சாட்டா எஸ்எஸ்டில இருந்து அதைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு மாத்தினேன், பில்ட் டைம்ல வித்தியாசம் கைக்கு எட்டல.

இனி கரண்டு. நம்ம மாவட்டத்துல ஜூன்லயும் மழை, அக்டோபர் நவம்பர்லயும் மழை, காத்தடிச்சா தென்னை மட்டையோ ரப்பர் கொம்போ லைன்ல விழும், கரண்டு போகும். 2017 ஓக்கி புயல் வந்தப்போ நாள்கணக்குல இருட்டுல கிடந்தவங்க நாம. 5900எக்ஸ் 105 வாட்னு பெட்டியில போட்டிருக்கும், முழு லோடுல சாக்கெட்டுக்கு 142 வாட் வரை இழுக்கும். எனக்க 600 விஏ யூபிஎஸ் பழைய பேட்டரி, பில்ட் நடக்கும்போ கரண்டு போனா ஒரு பீப், அப்படியே ஆஃப். ரெண்டு தடவ ஃபைல் சிஸ்டம் செக் ஓட வேண்டி வந்துது. பொறவு பயாஸ்ல 65 வாட் ஈக்கோ மோடு (கரண்டு கொறச்சு இழுக்குத செட்டிங்) போட்டேன், நெசமா 88 வாட்டுக்கு மேல போகாது, பில்ட் 6 நிமிஷம் சொச்சம்னு இருந்தது ஏழு நிமிஷம் ஆச்சு, அவ்வளவுதான். மேல ரூம்ல மே மாசம் 88, 89 டிகிரின்னு நின்ன சிப், அதுக்க எல்லையே 90தான், இப்போ எழுபதைத் தாண்டுகது இல்ல. இந்த செட்டிங்கை மொத நாளே போட்டிருக்கணும்.

அந்தப் பழைய 3600 அக்கா மவளுக்குப் போச்சு. செகண்ட் ஹேண்ட் போர்டு ஒண்ணு நாகர்கோவில்ல கிடைச்சுது, எனக்க பழைய 16 ஜிபியும் அதுல. லினக்ஸ் கெர்னல் கம்பைல் பண்ணிப் படிக்கா, சி கோடுங்கதால மெமரி அவ்வளவா தின்னாது, ஜே12 தாராளமா ஓடுது. போன வாரம் கூப்பிட்டு, "மாமா, பெரிய ப்ராசஸர் வாங்கட்டா?"ன்னு கேட்டா. லிங்கருக்கு எவ்வளவு நேரம் போகுதுன்னு மொதல்ல டைம் எடுத்து நோட்டுல எழுதுன்னு சொல்லியிருக்கேன்.