பெருங்கிளிகளை ஜோடியாக வளர்ப்பது: மக்காவா, சாம்பல் கிளியா, காக்கட்டூவா?

ஒற்றைப் பெருங்கிளி வளரும் வீட்டில் இரண்டாவது ஒன்றை வாங்கலாமா என்ற பேச்சு, பெரும்பாலும் இருக்கும் கிளி ஓயாமல் கத்தத் தொடங்கிய பிறகோ, தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்கத் தொடங்கிய பிறகோதான் எழுகிறது. கிளிக்குத் துணை வேண்டுமா என்பதில் எனக்கு ஐயமில்லை. சுவிட்சர்லாந்து தன் 2008-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகளிலேயே கிளிகளைத் தன்னந்தனியாக வைக்கக் கூடாது என்று எழுதிவிட்டது. நாம் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: எந்த இனத்தில் ஜோடி சேர்ப்பது, அந்த ஜோடியை ஒரே கூண்டில் விடுவதா, தனித்தனிக் கூண்டுகளில் வைப்பதா. இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும், ஏனெனில் மக்காவுக்குப் பொருந்தும் கூண்டு ஏற்பாடு காக்கட்டூவில் பெட்டையின் உயிரையே வாங்கிவிடக்கூடும்.

பஞ்சவர்ணக்கிளி என்று நம் ஊரில் அழைக்கப்படும் மக்காவ்களில் அதிகம் விற்பனைக்கு வருவது நீல மஞ்சள் மக்காவ். தென்னமெரிக்கக் காடுகளில் பெருங்கூட்டமாகப் பறக்கும்போதுகூட இவை இரண்டிரண்டாக, இறக்கை உரசும் நெருக்கத்தில் பறப்பதைக் காணலாம். அந்த நெருக்கம் கூண்டிலும் தொடர்கிறது: தன் அலகு எட்டாத தலைப்பகுதியை ஒன்று குனிந்து காட்ட, மற்றொன்று புதிதாக முளைத்த இறகுகளின் உறையை அலகு நுனியால் ஒவ்வொன்றாக உரித்துவிடும். ஒத்துப்போகும் ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் அமைதியாக வாழக்கூடிய பெருங்கிளி இதுதான் என்பது என் கணிப்பு. ஆனால் அந்த அமைதி அவற்றுக்கிடையே நிலவுவது. நமக்கும் சேர்த்தது அன்று. பருவம் வந்த ஜோடி கூண்டையே தன் எல்லையாக வரித்துக்கொண்டால், நேற்றுவரை தோளில் ஏறிய பறவை இன்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்க நீட்டிய கையைக் கடிக்கும். கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிவதும், பிடரி இறகுகள் எழுவதும், முகத்தின் வெள்ளைத் தோல் சிவப்பதும் ஒன்றாகத் தெரிந்தால் கையை எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். தவிர, இறக்கைகளை விரித்தால் ஒரு மீட்டரைத் தாண்டும் இரு பறவைகளுக்குக் கடையில் கிடைக்கும் கூண்டு போதாது, அறை அளவிலான கம்பிவலைக் கூடம் வேண்டும். காலையிலும் அந்தியிலும் இரண்டும் சேர்ந்து எழுப்பும் கூச்சலைத் தாங்கும் அண்டை வீட்டாரும் வேண்டும். தோட்டம் சூழ்ந்த தனி வீட்டுக்கு உகந்த இந்த ஜோடியை அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி அளவில் மக்காவில் பாதிக்கும் குறைவு, எடை அரைக் கிலோவை ஒட்டியே இருக்கும். தனிமையின் பாதிப்போ இதில்தான் ஆழமாக ஆராயப்பட்டிருக்கிறது. வயது ஏற ஏறக் குறுகிக்கொண்டே வரும் டெலோமியர் என்ற குரோமோசோம் முனைப்பகுதியை வியன்னா ஆய்வாளர்கள் இக்கிளிகளில் அளந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தனியாக வைக்கப்பட்ட 9 வயதுக் கிளிகளின் டெலோமியர் நீளம், ஜோடியாக வாழ்ந்த, அவற்றைவிட 23 வயது மூத்த கிளிகளின் அளவுக்கே இருந்தது. துணையைப் பொருட்படுத்தும் குணமும் இவற்றுக்கு உண்டு. 2020-இல் வெளியான ஒரு சோதனையில், உணவாக மாற்றிக்கொள்ளத்தக்க வில்லைகளைத் தன்னிடம் வைத்திருந்த சாம்பல் கிளி, தனக்கு லாபம் இல்லாதபோதும் அவற்றை அடுத்த அறைக் கிளிக்குக் கொடுத்தது. அதே சோதனையில் நீலத்தலை மக்காவ்கள் அவ்வாறு செய்யவில்லை.

ஜோடி சேர்ந்தால் பேச்சு நின்றுவிடும் என்பது சாம்பல் கிளி வளர்ப்போரின் தீராத அச்சம். அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் பேசப் பயிற்றுவித்த, 2007-இல் 31 வயதில் இறந்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, கடைசி ஆண்டுகளில் வேறு சாம்பல் கிளிகளோடு ஒரே ஆய்வகத்தில்தான் இருந்தது. பேச்சை நிறுத்தவில்லை என்பதோடு, கிரிஃபின் என்ற இளைய கிளி முணுமுணுத்தால் தெளிவாகப் பேசச் சொல்லி அதட்டவும் செய்தது. அங்கு நாள் முழுவதும் மனிதர்கள் அவற்றோடு பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. துணைக்கிளி வந்துவிட்டது என்று நாம் பேசுவதைக் குறைத்துக்கொண்டால், கிளியும் குறைத்துக்கொள்ளும்.

சாம்பல் கிளியில் ஆண்-பெண் ஜோடியை நான் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் சுண்ணாம்புச் சத்து. சூரியகாந்தி விதையை மட்டுமே தின்று, வெயில் படாமல் வளரும் சாம்பல் கிளிகளுக்கு ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வருவது கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. அத்தகைய பெட்டை ஆணின் தூண்டுதலால் முட்டைக்கு மேல் முட்டையாக இட்டால் இருப்பும் கரைந்துவிடும். இரு பெட்டைகளை வைத்தாலும் முட்டை இடலாம் என்பதால், இரண்டு ஆண்களே பாதுகாப்பான தேர்வு. தோற்றத்தைக் கொண்டு ஆண், பெண் என்று விற்பனையாளர் சொல்வதை நம்பாமல், இறகு மாதிரி கொடுத்துச் செய்த டி.என்.ஏ. பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே பால் ஜோடியில் பறவைக்கு ஏதோ குறை என்று எண்ண வேண்டியதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இளம் அமேசான் கிளிகளை ஒரே பால் ஜோடிகளாக வைத்துச் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், அவை தனிக் கிளிகளைவிடக் குறைவாகக் கத்தின, புதுப் பொருள்களுக்குக் குறைவாக அஞ்சின.

காக்கட்டூ ஜோடிதான் பார்ப்பதற்கு மிக அழகானது, வைத்திருப்பதற்கு மிக ஆபத்தானது. வெள்ளைக் கொண்டையுள்ள அம்ப்ரெல்லா, இளஞ்சிவப்புக் கொண்டையுள்ள மொலுக்கன் போன்ற இனங்களில், ஆண்டுக்கணக்கில் ஒட்டி உறவாடிய ஆண் திடீரென்று பெட்டையின் அலகையும் முகத்தையும் கால் விரல்களையும் கடித்துக் குதறுவது அரிதன்று. சில வேளைகளில் காலையில் உரிமையாளர் காண்பது பெட்டையின் உடலைத்தான். அடையாளங்கள் முன்னரே தெரியும்: ஆண் கொண்டையை விரித்தபடி பெட்டையைத் தீவனக் கிண்ணத்திலிருந்து துரத்தும், பெட்டை கூண்டின் ஒரு மூலையில் கம்பியைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கவே தயங்கும், அதன் எடை குறையும். தொழில்முறையில் குஞ்சு எடுப்பவர்கள் இரு வாசல் கொண்ட கூட்டுப்பெட்டி வைப்பதும், ஆணின் இறக்கையைக் கத்தரித்துப் பெட்டைக்கு ஓட வழி விடுவதும் இதற்காகத்தான். இத்தனைக் காவலை ஒரு குடும்பத்தால் தினமும் செய்ய இயலாது. காக்கட்டூவே வேண்டும் என்பவர்கள் இரண்டையும் தனித்தனிக் கூண்டில் வைத்து, கண்முன்னால் மட்டுமே ஒன்றாக வெளியே விட வேண்டும்.

காக்கட்டூவையும் மக்காவையும் ஓர் அறையில் வைப்பதோ கூடவே கூடாது. காக்கட்டூவின் உடலிலிருந்து உதிரும் வெண்தூள் நீல மஞ்சள் மக்காவின் நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கி, நாளடைவில் மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும். சாம்பல் கிளியும் தூள் உதிர்க்கும் இனமே.

கூண்டைப் பொறுத்தவரை, மக்காவ் ஜோடி நீங்கலாக மற்றவற்றுக்கு அருகருகே இரு கூண்டுகளும், இரண்டுக்கும் பொதுவாக வெளியே ஒரு விளையாட்டு மேடையுமே என் பரிந்துரை. புதிய பறவையை 30 முதல் 45 நாள் வேறு அறையில் வைத்து, அலகு-இறகு நோய்க்கும் கிளிக்காய்ச்சல் எனப்படும் சிட்டகோசிஸுக்கும் பரிசோதித்த பிறகே கூண்டுகளை நெருக்க வேண்டும். இரு கூண்டு என்றால் செலவும் துப்புரவு வேலையும் இரட்டிப்பாகும் என்று தயங்குவோர் உண்டு. அலகு உடைந்த கிளிக்கு மருத்துவம் பார்த்தவர்கள் அப்படித் தயங்குவதில்லை.

சட்டமும் இந்த ஒப்பீட்டில் குறுக்கிடுகிறது. நம் நாட்டுப் பச்சைக்கிளியையும் பெரிய பச்சைக்கிளியையும் வீட்டில் வைப்பதே குற்றம். வெளிநாட்டு இனங்களை, 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் 2024 பிப்ரவரி விதிகளின்படியும் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நீல மஞ்சள் மக்காவும் அம்ப்ரெல்லா காக்கட்டூவும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை. சாம்பல் கிளியோ 2017 ஜனவரியில் கட்டுப்பாடு மிகுந்த முதலாம் பின்னிணைப்புக்கு மாற்றப்பட்டது, மொலுக்கன் காக்கட்டூவும் அதில்தான் இருக்கிறது. இப்பின்னிணைப்பில் உள்ள இனங்களைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்விக்கத் தனி உரிமம் தேவை. ஆகவே சாம்பல் கிளியில் ஆண்-பெண் ஜோடியை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கூட்டுப்பெட்டியையும் பெட்டி போன்ற இருட்டு மூலைகளையும் அகற்றிவிட வேண்டும். மீறி முட்டை இட்டால் உடனே எடுத்துவிடாமல் அதே அளவுள்ள போலி முட்டைகளை மாற்றி வைத்து, பெட்டை தானாகச் சலித்து எழும்வரை விட்டுவிட வேண்டும். எடுத்துவிட்டால், இழந்ததை ஈடுகட்ட அது மீண்டும் இடத் தொடங்கும்.