1940களின் மதராஸ் நாவலைத் திருத்த ஒரு கோடை: அட்டை, ஆவணம், அச்சுத்தாள் – பயன்பாட்டு அனுபவம்

முதல் வரைவை முடித்துவிட்டு, ஆய்வு, திருத்தம், வாசிப்பு என்று ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு கோடையை ஒதுக்குகிறவர்களுக்காக இது. பேசுவதற்கு வசதியாக, 1941 முதல் 1944 வரை மதராஸில் நடக்கும் ஒரு லட்சம் சொல் வரைவை எடுத்துக்கொள்வோம். 5×3 அங்குல அட்டைகள், ஆவணக் காப்பகம், நூலகங்கள், கூகுள் டாக்ஸ், லிப்ரே ஆபீஸ், ஒருபக்க அச்சு, எட்ஜ் உலாவியின் வாசிப்புக் குரல் ஆகியவை நெடுநாள் உழைப்பில் தேறிய பொருட்கள். இவற்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் அட்டையை வைத்துக்கொள்ளச் சொல்வேன். தகவல் கிடைக்காததால் வீணாகும் கோடைகள் குறைவு. கிடைத்த தகவல் எந்த வரிக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் நோட்டுப் புத்தகத்திலேயே தங்கிவிடுவதுதான் வழக்கம்.

அட்டை

முதலில் வரைவின் காட்சிகளுக்கு எண் போடுங்கள். அத்தியாய எண் போதாது, திருத்தத்தில் அத்தியாயங்கள் இடம் மாறும். ஒருமுறை போட்ட காட்சி எண்ணை மாற்றவே கூடாது. காட்சி 14 வெட்டுப்பட்டால் 14 காலியாகவே கிடக்கட்டும்.

அட்டையின் இடது மேல் மூலையில் காட்சி எண், நடுவில் ஒரே ஒரு தகவல், அடியில் அது வந்த இடம்: ஏடு, தேதி, பக்கம். பின்பக்கம்தான் முக்கியம். அந்தத் தகவலால் வரைவில் எந்த வாக்கியம் மாறுகிறது என்பதை அங்கே எழுத வேண்டும். பின்பக்கம் எழுத ஒன்றும் இல்லையென்றால், தகவல் எவ்வளவு சுவையாக இருந்தாலும் இந்த நாவலுக்கு அது வேண்டாம்.

ஓர் அட்டையைக் காட்டுகிறேன். நடுவில் துளையுள்ள காலணா 1943 முதல் 1947 வரை அச்சடிக்கப்பட்டது. வரைவின் காட்சி 9 நடப்பது 1941இல். அதில் ஒரு சிறுவன் ஓட்டைக் காலணாவை அரைஞாண் கயிற்றில் கோத்து வைத்திருக்கிறான். நல்ல படிமம், ஆனால் இரண்டு வருடம் முந்தி வந்துவிட்டது. அட்டையின் பின்பக்கம் எழுத வேண்டியது: ‘9இல் எடு. 31க்குக் கொண்டுபோ (1944). அங்கே பையனுக்கு மூன்று வயது கூடியிருக்கும், கயிறு பொருந்துமா பார்.’ ஒரு காட்சியில் இழந்ததை இன்னொரு காட்சி ஈடுகட்டுவது இப்படி எழுதி வைத்தால்தான் கண்ணில் படும்.

எழும்பூர், தரமணி

அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே முதல் வாரத்துக்குள் வெளிவேலையை முடித்துவிட வேண்டும். வெயில் மட்டும் காரணமில்லை. தேதி குறிக்காத ஆய்வு திருத்தத்தைத் தள்ளிப்போடும் சாக்காகிவிடும்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நாளிலிருந்து ஆவணங்கள் இருக்கின்றன. அனுமதிக்கான வேலையை மார்ச்சிலேயே முடித்துக்கொள்வது நல்லது. முதல் இரண்டு நாளும் கோப்பு எதையும் கேட்காமல், ஆண்டுவாரியான அட்டவணைத் தொகுதிகளை மட்டும் பாருங்கள். அரசாணைகளுக்கு ஒவ்வொரு துறையும் தனித்தனியாக எண் போடும். அதனால் துறை, எண், தேதி மூன்றையும் சேர்த்தே குறிக்க வேண்டும். எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் பிறகு அந்தக் கோப்பைத் தேடி எடுப்பது பெரும்பாடு. பென்சில் கொண்டுபோங்கள்.

அரசாணையில் உத்தரவு இருக்கும், வாழ்க்கை இருக்காது. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் மதராஸிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வெளியூர் போனார்கள். அரசு என்ன சொன்னது என்பதைக் கோப்பில் காணலாம். அந்த வாரம் எந்தக் கடை எந்த ஊருக்கு மாறியது, எந்தப் பொருள் என்ன விலை என்பதற்கெல்லாம் அந்தக் கால நாளேடுகளின், வார இதழ்களின் விளம்பரப் பக்கங்களுக்குத்தான் போக வேண்டும். அவற்றுக்கு தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம், இணையத்தில் தமிழ் மின்னூலகம், இந்த வரிசையில் போவது சரிப்பட்டு வரும். கட்டுரைகளைவிட விளம்பரங்களை நம்புங்கள். கட்டுரையாளர் நினைவிலிருந்து எழுதியிருக்கலாம். விளம்பரக்காரர் அன்றைய விலையைத்தான் போட்டாக வேண்டும்.

விலைகளைப் படிக்க இது மனப்பாடமாக இருக்கட்டும்: 1 ரூபாய் 16 அணா, 1 அணா 4 காலணா, அதாவது 12 தம்படி. எடைக்கு 8 பலம் 1 சேர், 5 சேர் 1 வீசை, 8 வீசை 1 மணங்கு. வீசை ஏறக்குறைய 1.4 கிலோ. படி ஊருக்கு ஊர் மாறும், ஆகவே மதராஸ் படியைத் தஞ்சாவூர்க் கதாபாத்திரத்தின் வாயில் வைக்காதீர்கள். தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் போட்ட கடிதம் அகப்பட்டால் சித்திரபானு 1942 ஏப்ரல் முதல் 1943 ஏப்ரல் வரை, சுபானு அதற்கடுத்தது. அறுபது வருடத்துக்கு முன் 1882இலும் ஒரு சித்திரபானு வந்திருக்கிறது. தாளையும் கையெழுத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

போர்க்காலக் கடிகாரம்

இந்தக் காலத்து வரைவுகளில் அதிகம் விடுபடும் பிழை இது. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின. சென்னையில் ஜனவரி நடுவில் சூரியன் உதிப்பது இன்றைய கணக்கில் 6.35 வாக்கில். 1943 ஜனவரியில் கடிகாரம் அப்போது 7.35 காட்டியிருக்கும். ‘காலை ஏழு மணி வெயில் கூடத்தில் விழுந்தது’ என்று பொங்கல் காலைக் காட்சியில் எழுதினால் தவறு, ஏழு மணிக்கு இருட்டு விலகியே இருக்காது. மாலையில் அதுவே நேர்மாறு, ஆறரைக்கும் வெளிச்சம் இருக்கும்.

திருத்தும் வழி: வரைவில் ‘மணி’, ‘விடிய’, ‘வெயில்’, ‘இருட்ட’, ‘விளக்கு’ என்ற ஐந்து சொற்களையும் தேடுங்கள். அந்த மூன்று வருடக் காட்சிகளில் கடிகார நேரமும் வெளிச்சமும் ஒன்றாக வரும் வரிகளை மட்டும் சரிசெய்யுங்கள். நாழிகைக் கணக்கை உதயத்திலிருந்து எண்ணுவதால் அது அப்படியே நிற்கும். வீட்டுப் பாட்டி நாழிகையிலும் மருமகன் ஆபீஸ் கடிகாரத்திலும் நேரம் சொல்லும் ஒரு காட்சியில், இந்த ஒரு மணி நேர இடைவெளியே உரையாடலுக்கு வேண்டிய பொருளைத் தந்துவிடும். ஆய்வு நாவலுக்குள் கதையாக இறங்குகிற இடம் அதுதான்.

சொற்கள்

அன்றைய பத்திரிகையில் கூட்டத்துக்குத் தலைவர் அக்கிராசனர், வேட்பாளர் அபேட்சகர், செயலாளர் காரியதரிசி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. காலத்தால் இந்த நாவலுக்கு நெருக்கமான அகராதி என்பதால் பொருள் பார்க்க அதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் ஒரு சொல் எப்போது ஜனங்கள் வாயில் புழங்கியது என்று அகராதியால் காட்ட முடியாது. அதற்கு இதழ்கள்தான் சாட்சி. பழைய சொற்களைக் கண்டெடுத்த மகிழ்ச்சியில் பக்கத்துக்குப் பத்து தூவிவிடுவது இன்னொரு ஆபத்து. பக்கத்துக்கு ஒன்று போதும் என்பது என் கணிப்பு.

ஓசிஆர்

பழைய பக்கத்தைப் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும், இதற்குத்தான் ஓசிஆர் என்று பெயர். படம் 2 எம்பிக்குள் இருக்கட்டும். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த இதழ் என்றால் ஒவ்வொரு நெடுவரிசையாக வெட்டி ஏற்றுங்கள், இல்லையென்றால் வரிகள் குறுக்கே கலக்கலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் வேறு வடிவில் இருந்தன. ஓசிஆர் தடுமாறும் இடம் அதுவே. ஆகவே தேடும்போது அந்த எழுத்துகளைத் தவிர்த்துத் துண்டாகத் தேடுங்கள்: ‘சென்னை’ வேண்டாம், ‘சென்’ போதும். மேற்கோளாக எடுக்கும் வரியைப் படத்தோடு ஒப்பிடாமல் அட்டையில் ஏற்றாதீர்கள்.

வரைவுக் கோப்பு

கூகுள் டாக்ஸில் ஒரு கோப்புக்கு 10.2 லட்சம் எழுத்துக்குறிதான் எல்லை. தமிழில் ‘கொ’ என்பது மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என இரண்டாக எண்ணப்படும். ஒரு லட்சம் சொல் நாவல் அந்த எல்லையை எளிதாக நெருங்கிவிடும். அதற்கு வெகு முன்னரே கோப்பு திணறத் தொடங்கும். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு வையுங்கள். பெரிய தேடல் வேலைக்கு மட்டும் எல்லாவற்றையும் லிப்ரே ஆபீஸில் ஒன்றாக்குங்கள்.

தேடுவதற்கு முன் ஒரு சுத்தம் தேவை. ‘கௌரி’யைப் பலர் ‘கெ’, ‘ள’, ‘ரி’ என்று தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், தேடினால் அகப்படாது. இதற்காக ‘கெள’ எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள், கெளுத்தி மீன் உருக்குலைந்துபோகும். கௌரி, கௌரவம், மௌனம், பௌர்ணமி என்று சொல் சொல்லாக மாற்றுங்கள்.

கதாபாத்திரத்தின் பெயரை மாற்றுவது தமிழில் தனி வேலை. மரகதம் கோமதி ஆக வேண்டும் என்று வையுங்கள். ‘மரகதம்’ என்று தேடி மாற்றினால் மரகதத்தை, மரகதத்துக்கு எல்லாம் அப்படியே நிற்கும். ‘மரகத’ என்று தேடி மாற்றினாலோ ‘கோமதித்துக்கு’ வந்து நிற்கும். வேற்றுமை வடிவங்களை முதலில் முடித்து, எழுவாயைக் கடைசியில் மாற்றுவதே சரியான வரிசை: மரகதத்தை > கோமதியை, மரகதத்தின் > கோமதியின், மரகதத்துக்கு > கோமதிக்கு, மரகதத்திடம் > கோமதியிடம், மரகதத்தோடு > கோமதியோடு, பிறகு மரகதமும், மரகதமா, மரகதமே, மரகதந்தான், இவற்றுக்கெல்லாம் பிறகு மரகதம். முடிவில் ‘மரக’ என்று ஒருமுறை தேடுங்கள். பேச்சில் வரும் ‘மரகதா’வும் ‘மரகதங்கிட்ட’வும் அப்போதுதான் அகப்படும். இத்தனைக்கும் முன்னால் கோப்பைத் தேதியோடு இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்.

அச்சும் குரலும்

திரையில் முழுத் திருத்தமும் செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை. ஏ4, 75 ஜிஎஸ்எம், ஒருபக்க அச்சு, 13 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, வலது ஓரம் 6 செ.மீ. பக்கத்துக்கு 170 முதல் 200 சொல் வரும். ஒரு லட்சம் சொல்லுக்கு 500 தாளுக்கு மேல் ஆகும், ஒரு ரீம் பற்றாது. லேசர் அச்சாக இருக்கட்டும். மே மாதத்து உள்ளங்கை வியர்வையில் இங்க்ஜெட் மை கரையும், ஜெல் பேனாவும் அப்படியே. பால்பாயின்ட் நல்லது. ஸ்பைரல் போட்டால் காட்சியை இடம் மாற்ற முடியாது. மின்விசிறிக் காற்றில் உதிரித் தாள் பறக்கும். ஜெராக்ஸ் கடையில் ஓட்டை போட்டு நான்கு கட்டாக டேக் கட்டுவதே வசதி.

அச்சில் ஒரு சுற்று முடிந்ததும் காதால் ஒரு சுற்று. எட்ஜ் உலாவியில் பல்லவி, வள்ளுவர் போன்ற தமிழ்க் குரல்கள் உண்டு, இணைய இணைப்பு வேண்டும். அத்தியாயத்தை எச்டிஎம்எல் ஆகச் சேமித்துத் திறங்கள். பிடிஎஃப் ஆக்கினால் கொம்பும் எழுத்தும் இடம் மாறி உளறும் வாய்ப்பு அதிகம். 4,000 சொல் அத்தியாயத்துக்குச் சுமார் 40 நிமிடம் பிடிக்கும். வட்டாரப் பேச்சை இந்தக் குரல்கள் தட்டையாகவே படிக்கும், உரையாடலை இவற்றை வைத்து எடைபோடாதீர்கள். கதைசொல்லும் பகுதியில்தான் பயன். ஒரு பத்தியின் ஏழு வாக்கியங்களும் ‘-ஆன்’ என்று முடிவதையும், ‘கொண்டிருந்தான்’ மூன்று வரிக்கு ஒருமுறை வருவதையும் கண் மன்னித்துவிடும், காது மன்னிக்காது. நாவி, வாணி போன்ற பிழைதிருத்திகளையும் இந்தப் பகுதிக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

வாசிப்பு

திருத்தம் நடக்கும் வாரங்களில் அதே காலத்தைப் பேசும் இன்னொரு நாவலைத் தொடாமல் இருப்பது நல்லது, அதன் குரல் ஒட்டிக்கொள்ளும். நாட்குறிப்பு, வழக்கு விவரம், ரயில்வே கால அட்டவணை, சமையல் குறிப்பு, இப்படி நாவல் அல்லாததைப் பகலில் படிக்கலாம். இரவுக்குக் கவிதையோ, முற்றிலும் வேறு நாட்டு உரைநடையோ. ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

ஜூன் கடைசி இரண்டு வாரமும் தாளில் உள்ளதைக் கோப்பில் ஏற்றும் வேலைக்கே போகும். ஏற்றிய ஒவ்வொரு குறியின் மேலும் சிவப்பில் ஒரு டிக் போடுங்கள். ஏற்றாமல் கைவிட்ட திருத்தத்துக்கு ஒரு வட்டம், பக்கத்தில் காரணம் ஒரே சொல்லில். நான்கு கட்டிலும் குறி எதுவும் வெறுமனே நிற்கவில்லை என்று ஆன பிறகு, அட்டைகளைக் காட்சி எண் வரிசையில் அடுக்கி, பின்பக்கம் எழுதிய வாக்கியம் கோப்பில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.