பஃபரக் கொறைக்கறதா, டைரக்ட் மானிட்டரா, லோ லேட்டன்சி மோடா, அப்போலோவா?

தைப்பூசம் நெருங்குதுன்னா கேஎல் (கோலாலம்பூர்) வட்டாரத்துல செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பத்துமலை பக்கமெல்லாம் பெட்ரூம் ஸ்டூடியோக்கு ராத்திரி பகல் கெடையாது, உறுமி குரூப் பாட்டு ஒரு பக்கம், ராப் பசங்க ஒரு பக்கம். அப்ப எல்லா குரூப்புலயும் கேக்கற ஒரே கேள்வி, "பாஸ், பாடறது ஹெட்ஃபோன்ல லேட்டா கேக்குது, என்ன செய்யலாம்?" பதிலும் வழக்கமா நாலுதான் வரும். பஃபரக் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுத்துக்கற ஆடியோ அளவு) கொறைங்க, டைரக்ட் மானிட்டர் போடுங்க, லோ லேட்டன்சி மோட (லேட்டன்சின்னா இந்த லேட்டுதான்) ஆன் பண்ணுங்க, காசிருந்தா அப்போலோ (உள்ளயே சொந்த சிப் இருக்கற ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக்க கம்ப்யூட்டரோட சேக்கற பெட்டி) வாங்குங்க. நாலுமே சரிதான், ஆனா யாருக்கு எதுங்கறதச் சொல்லாம சும்மா அடிச்சுவிடறாங்க லா.

மொதல்ல ஒன்னப் பிரிச்சுக்குவோம். டிலே காம்பன்சேஷன்னா ட்ராக்குங்களோட தாமதத்த சாஃப்ட்வேரே சமப்படுத்தற வசதி. "டிலே காம்பன்சேஷன் ஆன்லதானே இருக்கு, அப்பறம் ஏன் லேட்டாகுது"ன்னு கேக்கறவங்க ரெண்டு தனித்தனி விஷயத்தப் போட்டுக் கொழப்பிக்கறாங்க. ஒவ்வொரு ப்ளக்இன்னும் (ரிவர்ப், கம்ப்ரெஸர் மாதிரி எஃபெக்ட்) நான் இத்தன சாம்பிள் (டிஜிட்டல் ஆடியோவோட சின்னத் துண்டு) லேட்டா வருவேன்னு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்கிட்ட சொல்லிடும். லுக்அஹெட் லிமிட்டர்னா (சத்தம் அளவு தாண்டாம அமுக்கறது) வரப்போற பீக்க முன்கூட்டியே பாக்கணும், அதுக்குக் கொஞ்சம் ஆடியோவப் புடிச்சு வெச்சுக்கும், லீனியர் ஃபேஸ் ஈக்யூன்னா (ஈக்யூ வந்து பாஸ், ட்ரெபிள் மாத்தறது) இன்னும் நெறய புடிச்சு வெச்சுக்கும், ஃபேப்ஃபில்டர் ப்ரோ க்யூ 3ல ஸீரோ லேட்டன்சி மோடுல ஒன்னுமே இல்லாதது லீனியர் ஃபேஸ் மாக்சிமம்ல வெச்சா ஒரு செகண்டையே தாண்டிரும். இப்ப கேஎல்லேருந்து ஈப்போ கல்யாணத்துக்கு நாலு காடி கான்வாய் போட்டுப் போறாங்கன்னு வைங்க, கெழட்டு காடி ஒன்னுக்காக மத்த மூணும் மெதுவா ஓட்டும், நாலும் ஒன்னா போய்ச் சேரும், காம்பன்சேஷன் செய்யறதும் அதான், ரொம்ப லேட்டான ட்ராக்குக்காக மத்த ட்ராக் எல்லாத்தையும் தாமதப்படுத்தும். ப்ளேபேக்குக்கு இது பிரமாதம். ஆனா மைக் முன்னாடி நிக்கறவர் இன்னும் வாயே தொறக்கல, பாடாத குரல எங்கேருந்து முன்னாடி இழுக்கறது? அதனால லைவா கேக்கற லேட்டன்சிய காம்பன்சேஷன் என்னிக்குமே கொறைக்காது, மாஸ்டர்ல (எல்லா ட்ராக்கும் கடைசியா கலக்கற எடம்) ஒரு கனமான லிமிட்டர் ஒக்காந்திருந்தா பாடறவரோட குரலும் அது வழியா சுத்திட்டுத்தான் வரும், இன்னும் மோசமாத்தான் ஆகும்.

பஃபர் கணக்கு சிம்பிள், சாம்பிள சாம்பிள் ரேட்டால வகுத்தா முடிஞ்சது. 48 கிலோஹெர்ட்ஸ்ல 64 சாம்பிள் 1.3 மில்லிசெகண்ட், 128ன்னா 2.7, 256ன்னா 5.3, 1024ன்னா 21.3. ஆனா இது ஒரு பக்கம் மட்டும். உள்ள வர ஒரு பஃபர், வெளிய போக ஒரு பஃபர், அதுக்கு மேல கன்வெர்ட்டர் டைம், டிரைவர் தனக்குன்னு ஒளிச்சு வெச்சிருக்கற சேஃப்டி பஃபர், எல்லாம் சேந்ததுதான் ரவுண்ட் ட்ரிப். 128 வெச்சிருக்கேன் அப்ப 2.7தான்னு நெனைச்சுட்டிருக்கறவங்க சாஃப்ட்வேர் செட்டிங்ஸ்ல மொத்தம் எவ்வளவுன்னு ஒரு தடவ பாருங்க, டபுளுக்கு மேலதான் இருக்கும். விண்டோஸ்ல இன்டர்ஃபேஸ் கம்பெனியோட சொந்த ஏசியோ (லேட்டன்சி கம்மியான டிரைவர் வகை) டிரைவர் இருந்தா அதையே போடுங்க, ஏசியோ4ஆல் வந்து விண்டோஸ் டிரைவர் மேல போத்தின ஒரு போர்வதான், லேப்டாப்போட சொந்த சவுண்ட் கார்டு மட்டும் வெச்சிருக்கறவங்களுக்கு அது ஒதவும், மத்தவங்களுக்கு வேண்டியதில்ல.

பஃபர் கொறைக்கறதுல நல்லது என்னன்னா அஞ்சு காசு செலவில்ல, பாடறவருக்கு ரிவர்ப், கம்ப்ரெஸர், ட்யூன் (சுருதி திருத்தற ப்ளக்இன்) எல்லாத்தோடயும் கேக்கும். கெட்டது, சிபியூ திணறும், 60 ட்ராக் மிக்ஸ் ஓடிட்டிருக்கறப்ப 64ல வெச்சா டப் டப்புன்னு வெடிக்கும். இன்னொன்னு இருக்கு, இத நெறய பேரு கவனிக்கறதில்ல, பஃபர 32க்குக் கொண்டு வந்துட்டு ட்ராக்ல ஒரு லுக்அஹெட் ப்ளக்இன்ன விட்டு வெச்சா எறக்கினதெல்லாம் வேஸ்ட்டு. பஃபர் வேற, ப்ளக்இன் லேட்டன்சி வேற, ரெண்டும் கூட்டல்தான் ஆகும்.

டைரக்ட் மானிட்டர் இதுக்கு நேர் எதிர். குரல் கம்ப்யூட்டருக்குள்ள போய்ச் சுத்தாம இன்டர்ஃபேஸ்லேருந்தே நேரா ஹெட்ஃபோனுக்கு வருது, சில நூறு வெள்ளி ஸ்கார்லெட் சோலோ இன்டர்ஃபேஸ்லயே அதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கு. பஃபர 1024ல வெச்சாலும் கவலையில்ல. கொற என்னன்னா குரல் காஞ்சு போய்க் கேக்கும், ரிவர்ப் இல்லாம பாடச் சொன்னா சிலருக்கு மூடே வராது. அதுக்கும் வழி இருக்கு, ட்ராக்கோட ஃபேடர முழுசா எறக்கிட்டு ப்ரீ-ஃபேடர் சென்ட்ல (ஃபேடர எறக்கினாலும் ஓடற வழி) ரிவர்ப மட்டும் நூறு பர்சன்ட் வெட்டா (நேர் குரல் கலக்காம) ஹெட்ஃபோனுக்கு விடுங்க, ரிவர்ப் கொஞ்சம் லேட்டா வந்தா யாருக்குத் தெரியப்போகுது, ப்ரீ-டிலே (ரிவர்புக்கு முன்னாடி விடற சின்ன இடைவெளி) மாதிரித்தான் கேக்கும். என்னக் கேட்டா கேஎல்ல பெட்ரூம்ல பாட்டு எடுக்கற பத்துல ஏழு பேருக்கு இந்த செட்டப் போதும், அதுக்கு மேல செலவு பண்றது ஆசைக்குத்தான்.

இதுல அடிக்கடி நடக்கற ஒரு கூத்து, டைரக்ட் மானிட்டரும் ஆன், சாஃப்ட்வேர் மானிட்டர்ல நேர் குரலும் ஆன். குரல் ரெண்டா கேக்கும், இல்லன்னா டின்னுக்குள்ள பாடற மாதிரி கேக்கும். ஒரே சத்தம் 1 மில்லிசெகண்ட் தள்ளி தன்னோடயே கலந்தா 500 ஹெர்ட்ஸ்ல ஒரு பள்ளம், 1500ல ஒன்னு, 2500ல ஒன்னுன்னு வரிசையா விழும். பாடறவங்களுக்கு ஒன்னு ரெண்டு மில்லிசெகண்டே தொந்தரவா இருக்கறதும் இதனாலதான், அவங்க குரல் தல எலும்பு வழியாவே காதுக்கு வந்துருது, ஹெட்ஃபோன்ல வர்றது அதோட மோதுது. கிடார்காரருக்கு இந்தப் பிரச்சினை கம்மி, ஆம்ப்லேருந்து மூணு மீட்டர் தள்ளி நின்னா காத்துலயே கிட்டத்தட்ட 9 மில்லிசெகண்ட் போயிடுது, அவர் அதுல பழகினவர். குரல் மெலிஞ்சு போய்க் கேட்டுச்சுன்னா மைக் சேனல்ல போலாரிட்டிய (சத்த அலையோட மேல் கீழ்) திருப்பிப் பாருங்க, சில சமயம் அதுலயே சரியாயிடும்.

உறுமிக்கு மேல சொன்ன எதுவுமே வேண்டாம். அடிக்கறவருக்கு அவரோட உறுமி ஹெட்ஃபோனே இல்லாட்டியும் ரூம் அதிர கேக்குது, அதப் போய் எதுக்கு மானிட்டர் பண்ணணும்? கைடு ட்ராக்கும் கிளிக்கும் மட்டும் குடுங்க அண்ணே, வேல முடிஞ்சது.

லோ லேட்டன்சி மோடு நடுவுல நிக்கற ஆளு. லாஜிக் சாஃப்ட்வேர்ல மில்லிசெகண்ட் லிமிட் வெச்சிட்டு பட்டன அமுக்கினா நீங்க ரெக்கார்ட் பண்ற ட்ராக்கோட வழியில லிமிட்டத் தாண்டற ப்ளக்இன்ன தானே பைபாஸ் பண்ணிடும். க்யூபேஸ்ல இதுக்கு கன்ஸ்ட்ரெய்ன் டிலே காம்பன்சேஷன்னு பேரு, அதுவும் த்ரெஷோல்ட் வெச்சுத்தான் வேல செய்யும். ப்ரோ டூல்ஸ்ல ட்ராக்க ரெக்கார்டுக்கு ஆர்ம் பண்ணினாலே அந்த ட்ராக் காம்பன்சேஷன்லேருந்து வெளிய வந்துரும். ஏபிள்டன்ல ஆப்ஷன்ஸ் மெனுல ரெட்யூஸ்டு லேட்டன்சி வென் மானிட்டரிங்னு இருக்கும், ஆனா ஒன்னு, அது மத்த ட்ராக்குக்காகக் காத்திருக்கற நேரத்தத்தான் வெட்டும், அந்த ட்ராக்லயே நீங்க போட்டு வெச்ச ப்ளக்இன்னோட லேட்டு அப்படியேதான் இருக்கும். மிக்ஸ் பாதி முடிஞ்சப்பறம் பாடகர் திரும்ப வந்து "அந்த ரெண்டாவது சரணம் மட்டும் மாத்திக்கலாமா"ன்னு கேப்பாரு பாருங்க, அப்ப இந்த மோடுதான் கைகுடுக்கும், மாஸ்டர் செயின ஒவ்வொன்னா அணைச்சுட்டு ஒக்கார வேண்டியதில்ல. மிக்ஸோட சத்தம் கொஞ்சம் மாறிக் கேக்கும், பாடகர்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருங்க.

அப்போலோ மாதிரி டிஎஸ்பி இன்டர்ஃபேஸ் ப்ளக்இன்ன பெட்டிக்குள்ள இருக்கற சிப்லயே ஓட்டுது, கம்ப்யூட்டர் பஃபர் எவ்வளவு வெச்சாலும் பாடறவருக்கு ரெண்டு மில்லிசெகண்ட் கிட்டதான் கேக்கும். கம்ப்ரெஸர், ப்ரீஆம்ப் கலர் எல்லாத்தோடயும் பாடலாம், ரெக்கார்ட்ல பதியணுமா சும்மா கேக்க மட்டுமான்னும் செலக்ட் பண்ணிக்கலாம். சுகம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா விலை சில ஆயிரம் வெள்ளி, அந்த சிப்ல அந்தக் கம்பெனியோட ப்ளக்இன் வகையறா மட்டும்தான் ஓடும், சிப் நெறஞ்சுட்டா அதோட சரி. மணிக்கணக்குல சார்ஜ் பண்ற ஸ்டூடியோக்கு இது ஞாயம், பாடகர் நிக்கறப்ப பஃபரோட மல்லுக்கட்டற ஒவ்வொரு நிமிஷமும் காசு. வாரத்துக்கு ஒரு பாட்டு எடுக்கறவர் அதே காசுல நல்ல மைக்கும் ரூமுக்கு நாலு பேனலும் வாங்கினா பாட்டு இன்னும் நல்லாருக்கும்.

ராப் பசங்க கேஸ் தனி. அவங்களுக்கு ட்யூன் காதுல கேட்டாத்தான் டெலிவரியே வருது, டைரக்ட் மானிட்டர் போட்டா "ப்ரோ செத்துப்போன மாதிரி இருக்கு"ம்பாங்க. அவங்களுக்கு 64 இல்ல 128 பஃபர், ஆட்டோ-ட்யூன்ல லோ லேட்டன்சி மோடு, இல்லன்னா வேவ்ஸ் ட்யூன் ரியல்-டைம், பீட்ட முழு ப்ராஜெக்டா ஓட்டாம ஒரே ஸ்டீரியோ ஃபைலா பவுன்ஸ் பண்ணி வெச்சுக்கணும், சிபியூ ஃப்ரீயாயிடும். மெலோடைன் இதுக்கு ஆகாது, அது எடுத்தப்பறம் ஒக்காந்து திருத்தறதுக்கு.

மிக்ஸிங்ல கத தலகீழ். அங்க பஃபர 1024ல போட்டுட்டு காம்பன்சேஷன ஆன்ல விட்டுரணும், கேள்வியே இல்ல. உறுமிய ரெண்டா காப்பி பண்ணி ஒன்ன பேரலல் கம்ப்ரெஷன்ல நசுக்கறப்ப காம்பன்சேஷன் இல்லன்னா மேல சொன்ன அதே பள்ளங்க வரிசையா வந்து உறுமியோட வயிறே காணாமப் போயிடும். ப்ரோ டூல்ஸ்ல கம்ப்யூட்டர் சிபியூல ஓடற வகைக்கு இந்த வசதி வந்ததே 2010ல வெர்ஷன் 9லதான், அதுக்கு முன்னாடி டைம் அட்ஜஸ்டர் ப்ளக்இன் போட்டு கையாலயே சாம்பிள் எண்ணிட்டு இருந்தாங்க. இப்பவும் அதுல ஒரு எல்ல இருக்கு, 48 கிலோஹெர்ட்ஸ்ல 16,383 சாம்பிள், அதத் தாண்டினா ட்ராக்ல நம்பர் செவப்பாயிடும், செவப்பப் பாத்தா கண்டுக்காம விடாதீங்க. ரீப்பர்ல எஃப்எக்ஸ் விண்டோ அடியிலயே எத்தன சாம்பிள்னு காட்டிரும், எந்த ப்ளக்இன் திருடன்னு புடிக்க அதவிட ஈஸி வேற இல்ல. சந்தேகம்னா ட்ராக்க காப்பி பண்ணி போலாரிட்டிய திருப்புங்க, ப்ளக்இன்ன ஒன்னுல மட்டும் போட்டு அதோட செட்டிங்க எல்லாம் சும்மா வைங்க, பெரும்பாலான சுத்தமான ஈக்யூக்கு முழு அமைதியாகணும், கீச்சுன்னு ஏதாவது மிஞ்சினா அந்த ப்ளக்இன் தன் லேட்டத் தப்பா சொல்லுது, இல்ல சும்மா இருக்கறப்பவும் சத்தத்த மாத்துது.

டைரக்ட் மானிட்டர்னு முடிவு பண்ணினவங்களுக்கு இன்னும் ஒரு வேல பாக்கி. சாஃப்ட்வேர் டிரைவர் சொல்ற லேட்டன்சிய நம்பித்தான் ரெக்கார்ட் ஆனத முன்னாடி இழுத்து வெக்குது, டிரைவர் தப்பா சொன்னா எல்லா டேக்கும் ஒரே அளவு தள்ளி ஒக்காரும், பாடகர் மேல பழி போடுவீங்க. ஏபிள்டன்காரங்க ட்ராக் மானிட்டர ஆஃப்ல வைங்க, ஆட்டோல விட்டா அது நீங்க லேட்டா கேட்டத அப்படியே லேட்டாவே பதியும், ரிவர்ப் வேணும்னா அதுக்கு மட்டும் தனி ட்ராக் போட்டு அதுல மானிட்டர ஆன் பண்ணிக்குங்க. அப்பறம் இன்டர்ஃபேஸ் அவுட்புட்லேருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிளப் போட்டு ஒரு கிளிக்க ஓட்டி ரெக்கார்ட் பண்ணுங்க, ஜூம் பண்ணி ஒரிஜினலுக்கும் பதிஞ்சதுக்கும் எத்தன சாம்பிள் வித்தியாசம்னு பாருங்க. அந்த நம்பர ரீப்பர்ல ரெக்கார்டிங் செட்டிங்ஸ்ல மேனுவல் ஆஃப்செட்டா போடலாம், லாஜிக்ல ரெக்கார்டிங் டிலே ஸ்லைடர், ஏபிள்டன்ல டிரைவர் எரர் காம்பன்சேஷன். ஆடாசிட்டிலயும் லேட்டன்சி காம்பன்சேஷன்னு இருக்கு, டீஃபால்ட்டா மைனஸ் 130 மில்லிசெகண்ட்னு ஒரு குத்துமதிப்புல வெச்சிருப்பாங்க, அத அப்படியே விட்டுராதீங்க. சாம்பிள் ரேட்ட மாத்தினா, டிரைவர அப்டேட் பண்ணினா, இன்டர்ஃபேஸ் மாறினா திரும்ப ஒரு தடவ அளந்துக்குங்க.