உச்சிப்புளி மணலில் துலிப்பா, பூவரசா, காந்தளா?

நெதர்லாந்தில் துலிப் கிழங்கு எங்கே விளைகிறது என்று பார்த்தால் கொஞ்சம் பொறாமை வரும். ஹார்லெமுக்கும் லைடனுக்கும் நடுவில், கடலோர மணல்மேடுகளுக்குப் பின்னால் கிடக்கிற மணல் நிலம். ராமநாதபுரம் கரையில், மண்டபத்திலிருந்து உச்சிப்புளி வரை நம்மிடம் இருப்பதும் அதே சாமான்தான்: கடல், மேடு, மணல், ஓயாத காற்று. வேரில் தண்ணீர் தேங்கவே கூடாது என்பது துலிப்பின் முதல் நிபந்தனை. அதில் நமக்கு நூற்றுக்கு நூறு. அடுத்த நிபந்தனை குளிர். அதில்தான் முட்டை வாங்குகிறோம்.

துலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் தியான் ஷான், பாமீர் மலைப்பக்கம். பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் குளிரில் கிடந்தால்தான் கிழங்குக்குள் இருக்கும் மொட்டுத் தண்டு நீண்டு மேலே வரும். 12 முதல் 16 வாரம், 9 டிகிரிக்குக் கீழே. பாம்பனில் தை மாத விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆக, இந்தக் கரையில் துலிப் வளர்ப்பது என்றால் ஃபிரிட்ஜில் வளர்ப்பது என்று அர்த்தம்.

அதையும் செய்து பார்த்தேன். ஐப்பசி பிறந்ததும் பத்துக் கிழங்கு வாங்கி, காகிதப் பையில் போட்டு, காய்கறித் தட்டில் வைத்தேன். வீட்டில் எல்லாரிடமும் ஒரே கண்டிஷன்: அந்தத் தட்டில் ஆப்பிள், கொய்யா, வாழைப்பழம் எதுவும் வரக்கூடாது. பழம் கனியும்போது விடுகிற எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். எதிர்த்த வீட்டு அத்தை மீன் வைக்க இடம் கேட்டு வந்தவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னத்தா, வெங்காயத்த இப்புடிப் பூட்டி வச்சிருக்கே?" என்றார். விளக்கிச் சொன்னேன். அடுத்த வாரமே தட்டில் ரெண்டு கொய்யா இருந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது.

தை மாதம் தொட்டியில் நட்டேன். ஆறு முளைத்தது, இரண்டு பூத்தது. தண்டு நீளவே இல்லை. இலைக்குள்ளேயே குந்தியபடி பூத்தது. துலிப்பின் இதழ் வெயில் ஏறினால் விரியும், குளிர்ந்தால் மூடும். குளிர் நாட்டில் இந்தத் திறப்பும் மூடலும் ஒரு வாரத்துக்கு மேல் நடக்கும். இங்கே காலை ஒன்பது மணிக்கே தட்டுப்போல மல்லாந்துவிட்டது, மூடுகிற வழியைக் காணோம். மூன்றாம் நாள் இதழ் உதிர்ந்தது. சிவப்பு மட்டும் அசல் சிவப்பு, அதைக் குறை சொல்லமாட்டேன்.

அந்தக் கிழங்கு அடுத்த வருடத்துக்கும் ஆகாது. பூ முடிந்தபின் குளிர்ந்த வசந்தத்தில் இலை பல வாரம் பசுமையாக நின்றால்தான் புதுக்கிழங்கு பருக்கும். நம் மாசி வெயிலில் இலை பத்தே நாளில் காய்ந்துபோகும். டெல்லி சாந்தி பாத்தில் பிப்ரவரியில் வரிசையாகப் பூக்கிறதே, அதற்கும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து புதுக்கிழங்குதான் இறக்குகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மச்சானிடம் சொல்லிப் பெட்டிக்குள் போட்டு வரச் சொல்லலாம் என்று யாராவது நினைத்தால், வேண்டாம்: பயிர்நலச் சான்றும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் கிழங்கு கொண்டுவரக் கூடாது. பார்க்கிற ஆசை மட்டும்தான் என்றால் ஸ்ரீநகரில் தால் ஏரிக்கு மேலே, சபர்வான் மலையடிவாரத் தோட்டம் இருக்கிறது. மார்ச் கடைசியில் போனால் சரி. நம் விசைப்படகுகள் தடைக்காலத்துக்குக் கரையேறும் ஏப்ரல் 15-க்குப் பிறகு போனால் பூ உச்சத்தைத் தாண்டியிருக்கும்.

சரி, துலிப்புக்குப் பதில் எது? துலிப்பில் நமக்கு எதன் மேல் ஆசை என்பதைப் பொறுத்தது அது.

ஜாடியில் வைக்க நீளத் தண்டுள்ள பூ வேண்டும் என்பவர்கள் சியாம் துலிப்பைச் சொல்வார்கள். பேரில் மட்டும்தான் துலிப். பிறப்பில் மஞ்சள் குடும்பம். ரோஸ் நிற இதழ் என்று நாம் நினைப்பது பூவடிச் செதில். உண்மைப் பூ கீழ்ச் செதில்களுக்குள் ஊதா நிறத்தில் குட்டியாக ஒளிந்திருக்கும். வெட்டி வைத்தால் நாள்கணக்கில் நிற்கும். குளிர் கேட்காது, வெப்பம் பிடிக்கும். அப்புறம் என்ன தடை? மழைக் கணக்குதான். தாய்லாந்தின் சையபூம் காடுகளில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை கொட்டும்போது பூத்து, மழை ஓய்ந்து பகல் குறுகும்போது உறங்கப்போகும் செடி அது. நமக்கு ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும், ஒரு சொட்டு விழாது. அது உறங்கப்போகிற ஐப்பசி, கார்த்திகையில்தான் நம் வானம் திறக்கும். அதாவது செடி கேட்கும்போது தண்ணீர் இல்லை. கேட்காதபோது கிழங்கு அழுகத் தண்ணீர். போர் தண்ணீரில் உப்பு. காவிரிக் குடிநீரையோ, மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீரையோ குடம் குடமாக அதற்கு ஊற்ற எனக்கு மனசு வராது. மாடியில் மழைநீர்த் தொட்டி இருப்பவர்கள் நிழல்வலைக்குக் கீழே முயலலாம்.

கிண்ண வடிவம்தான் பிடித்திருக்கிறது என்றால் தேடவே வேண்டாம். வாசலுக்கு வெளியே நிற்கிறது பூவரசு. அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பேர்களில் ஒன்று 'இந்தியத் துலிப் மரம்' என்று தெரிந்த அன்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பத்துக் கிழங்குக்குக் காசு கொடுத்து, கொய்யாவுக்குக் காவல் இருந்த நான், அந்த மரத்தடியில்தான் தொட்டி வைத்திருந்தேன்.

உப்புக்காற்று, உவர் மண், வறட்சி எதுவும் பூவரசை அசைக்காது. காய் கடல்நீரில் மிதந்துபோய் வேறு கரையில் முளைக்கும் சாதி. விதைகூட வேண்டாம், கை கனத்தில் ஒரு போத்து வெட்டி மழைக்கு முன் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். காலையில் பூ இளமஞ்சள், அடியில் கருஞ்சிவப்பு. சாயங்காலம் ஆக ஆக மஞ்சள் செம்மையேறி, மறுநாள் வாடிய ரோஸ் நிறத்தில் தரையில் கிடக்கும். ஒரே மரத்தில் ஒரே நேரத்தில் இரண்டு நிறம் பார்க்கலாம். துலிப் ஆறு மாதக் காத்திருப்புக்கு ஒரு பூ. இது ஏறக்குறைய வருடம் முழுக்கப் பூக்கும். இலையில் பீப்பி ஊதலாம், கொழுக்கட்டை அவிக்கலாம். குறை என்னவென்றால், பூ தலைகுனிந்து இலைக்குள் ஒளிந்துகொள்ளும். ஜாடிக்கும் ஆகாது, அரை நாளில் சுருண்டுவிடும். சருகு கூட்டி மாளாது. ரொம்பப் பழகிவிட்டதால் யாரும் அண்ணாந்து பார்ப்பதும் இல்லை. அது மரத்தின் குற்றம் அல்ல.

எனக்குத் துலிப்பில் பிடித்தது வடிவமோ நிறமோ அல்ல என்று தோல்விக்குப் பிறகுதான் புரிந்தது. ஒன்றுமே இல்லாத மண்ணிலிருந்து, தன் காலம் வந்ததும் தானாக எழுந்து வருகிறதே, அதுதான். அந்த வித்தையைச் செய்ய இந்தக் கரையில் செங்காந்தள் இருக்கிறது. கோடை முழுக்கச் செடி இருந்த தடயமே இருக்காது. மழை இறங்கியதும் கிளுவை வேலிக்குள்ளிருந்து முளை வரும். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பி ஆகி, வேலியைப் பிடித்து ஆள் உயரத்துக்கு மேல் ஏறும். மொட்டு பச்சை, விரியும்போது மஞ்சள், பிறகு நெருப்பு. இதழ்கள் பின்னோக்கி வளைந்து நிற்கும். கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப் பூ. தாவரவியலில் பார்த்தாலும் இந்தப் போட்டியில் துலிப்புக்குக் கிட்டத்துச் சொந்தம் இதுதான், இரண்டும் லில்லி வரிசை. தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் இதுவே.

நடும்போது ஒரு கவனம். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பேரும் அதனால்தான். முளை கிழங்கின் நுனியில்தான் இருக்கும். அது ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. நான் ஒன்றை அப்படித்தான் ஒடித்தேன். தண்ணீர் ஊற்றும் வேலை பெரிதாக இல்லை, வடகிழக்கு மழை அதற்கென்றே பெய்கிறது. ஓய்வுக் காலத்தில் ஊற்றினால்தான் அழுகும்.

ஆனால் விஷம். கிழங்கு, விதை, இலை எல்லாவற்றிலும் கோல்ச்சிசின். கீல்வாத மருந்தாகிற அதே சரக்கு, அளவு மீறினால் உயிரைக் குடிக்கும். கிழங்கைப் பார்த்தால் சின்ன வள்ளிக்கிழங்கு சாயல், அதுதான் ஆபத்து. வீட்டில் தவழும் பிள்ளை, அவிழ்த்துவிட்ட ஆடு இரண்டில் எது இருந்தாலும் காந்தளை விட்டுவிட்டுப் பூவரசோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன், தயங்காமல்.

எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. அதனால் பின்வேலி மூலையில் மூன்று கிழங்கு தூங்குகிறது. யாரும் மண்வெட்டி போட்டுவிடாமல் இருக்கச் சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்று ஊன்றியிருக்கிறேன். எதிர்த்த வீட்டு அத்தை அதையும் பார்த்துவிட்டு, "இங்க என்னத்தா புதைச்சிருக்கே, வெங்காயமா?" என்று கேட்டார். இந்தத் தடவை சிரிக்காமல், கிழங்கின் பேரையும் விஷத்தையும் சேர்த்தே சொன்னேன். "அட, கண்வலிக்கிழங்கா? எங்க ஆத்தா வீட்டு வேலியில கிடந்து பூக்குமே" என்றவர், குச்சியை இன்னும் கொஞ்சம் ஆழமாக அழுத்திவிட்டுப் போனார்.