கோழிக் கழிச்சலுக்கு ‘சுவீடன் புரதம்’ என்று பவுடர் கொண்டுவந்தால் உஷார்

குலசேகரம் பக்கம் சின்னதாக நாட்டுக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன், ஒரு தடவைக்கு 200 குஞ்சு. இந்த ஐப்பசி மழையில் தரையில் விரித்த ரப்பர் மரத்தூள் நனைந்து சொதசொதவென்று ஆகிவிட்டது, நாலு வாரக் குஞ்சுகள் தண்ணியாகக் கழிய ஆரம்பித்தன. அந்த நேரம் பார்த்து பைக்கில் ஒரு ஏஜென்ட் வந்தார். “அண்ணே, மருந்தே வேண்டாம், குடலுக்குள்ள தண்ணி கூடாம குறையாம பாத்துக்கிற இயற்கைப் புரதம் இது, சுவீடன் கண்டுபிடிப்பு.” கிலோ 1,850 ரூபாய், கூடவே ஒரு பி காம்ப்ளெக்ஸ் டானிக்.

அவர் சொன்னதில் பாதி நிஜம், வினையே அதுதான். 1980களில் சுவீடனின் கோதன்பர்க் நகரத்து ஆய்வாளர்கள் ஸ்டெபான் லாங்கே, ஐவார் லோன்ரோத் இருவரும் அப்படி ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள்; காலரா நச்சு ஏற்றிய எலியின் குடலில் நீர் கொட்டுவதை அது குறைத்தது. ஆன்டிசெக்ரட்டரி ஃபேக்டர் என்று பெயர். உடம்பே செய்துகொள்வது, முளைகட்டிப் பக்குவம் செய்த தானியத்தைத் தின்றால் கூடும், அந்தத் தீனி தின்ற கோழியின் மஞ்சள் கருவிலும் சேரும். இதெல்லாம் பிற்பாடு நான் தேடிப் படித்தது. அன்றைக்கு என் காதில் விழுந்தது ‘சுவீடன்’ மட்டும்தான்.

மூன்றாம் நாள் எச்சத்தில் ரத்தம். போன் போட்டால், “அண்ணே, உள்ள கிடக்கிற அழுக்கு வெளிய வருது, டோஸைக் கூட்டுங்க” என்கிறார், நானும் கூட்டினேன், என்னத்தைச் சொல்ல! ஐந்தாம் நாளுக்குள் 38 குஞ்சு போய்விட்டது.

அப்புறம்தான் செத்ததில் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். டாக்டரம்மா அறுத்துக் காட்டினார்கள், குடலின் கடைசியில் இரண்டாகப் பிரியும் பைகள் முழுக்க உறைந்த ரத்தம். ரத்தக்கழிச்சல், ஈமேரியா என்ற ஒட்டுண்ணி, ஈரத் தரையில்தான் அதன் முட்டைகள் பக்குவமாகும். அது குடல் சுவரையே பிய்த்துப்போடுகிறது. அந்த இடத்தில் நீர் சுரப்பைக் குறைக்கும் புரதம் உண்மையானதாகவே இருந்தாலும் ஒட்டுண்ணி சாகாது என்றார்கள். தண்ணீரில் ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைக் கலந்து கொடுக்கச் சொன்னார்கள். டானிக்கை உடனே நிறுத்தச் சொன்னார்கள், ஏனென்றால் இந்த மருந்து ஒட்டுண்ணிக்கு பி1 வைட்டமின் கிடைக்காமல் செய்துதான் வேலை பார்க்கிறதாம், டானிக்கில் இருக்கும் பி1ஐ நாம் ஊற்றினால் மருந்து வீண். நனைந்த தூளை வாரிக் கொட்டினேன். சாவு மெல்ல நின்றது.

அதற்குப் பிறகுதான் பாக்கெட்டைத் திருப்பியே பார்த்தேன். தயாரித்தவர் முகவரி இல்லை, லைசென்ஸ் நம்பர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை. ‘100 சதவீதம் தூய புரதம்’ மட்டும் பெரிதாக. பத்தாவது படிக்கும் மகள் ஒரு சொட்டு அயோடின் விட்டாள், கருநீலம். மாவு! பக்குவம் செய்த தானியம் என்று எழுதியிருந்தால் மாவு இருப்பதைக் குறை சொல்ல மாட்டேன், இவர் எழுதியதோ தூய புரதம். பணம் கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

பில் கேட்காமல் வாங்கியது என் முட்டாள்தனம். மஞ்சள் பாக்கெட், மேலே சேவல் படம். மீதி முக்கால் கிலோ என்னிடம் அப்படியே இருக்கிறது, உங்கள் ஊரில் யாராவது இதையே வாங்கியிருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.